தோல்ல வந்த படைய மட்டும் போட்டோ எடுக்காதீங்க

எனக்கு சொரியாசிஸ்ங்கற தோல் நோய் இருக்குன்னு தெரிஞ்சதுலேருந்து சுத்தி இருக்கறவங்க என்னை அரை டாக்டராவே ஆக்கிட்டாங்க. கூட வேலை பாக்கறவங்க, பழைய க்ளாஸ்மேட், அக்காவோட ஃப்ரெண்டு, யாருக்கு தோல்ல என்ன வந்தாலும் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துடும். எல்லா போட்டோவும் ஒரே ரகம்தான், கேமராவ ஒட்டி வெச்சு எடுத்த ஒரு திட்டு, அது முழங்கையா முதுகா தொடையான்னு கூட தெரியாது, கீழ "இது அதுவா?"ன்னு ஒரு கேள்வி. நான் டாக்டர் இல்லீங்க, அத மொதல்லயே சொல்லிடறேன். ஆனா இத்தனை வருஷம் இதோட குடும்பம் நடத்தினதுல எனக்கு ஒண்ணு தெளிவா புரிஞ்சுது. அந்த ஒரு திட்டையே உத்து உத்து பாத்துட்டிருந்தா பெருசா ஒண்ணும் தெரியாது, துப்பு வேற எங்கயாவது இருக்கும். நகத்துல, முடிக்குள்ள, காதுக்குப் பின்னாடி, தொப்புள்ல, காலைல எழுந்ததும் விரல் மடங்குதா இல்லையாங்கறதுல.

எனக்கு இத கண்டுபிடிச்ச ஸ்கின் டாக்டர் பண்ணினதும் அதுதான். நான் சட்டைக் கைய மடிச்சு முழங்கைய காட்டறேன், அவங்க அத ஒரு பார்வை பாத்துட்டு கைய நீட்டச் சொல்லி ஒவ்வொரு நகத்தையும் வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சு பாக்கறாங்க. அப்பறம் காது மடல மடிச்சு பின்னாடி, தலைய குனியச் சொல்லி பிடரி, தொப்புள், கடைசியா திரும்பி நிக்கச் சொல்லி பிட்டம் பிரியற இடுக்கோட மேல்பக்கம். சங்கடமாத்தான் இருந்துது. ஆனா தொப்புளுக்குள்ளயும் அந்த இடுக்குலயும் இருந்தது அதுவரைக்கும் எனக்கே தெரியாது, யாரு போய் அங்கெல்லாம் பாக்கறா. "குதிகால் வலிக்குமா, காலைல முதுகு பிடிச்சுக்குமா"ன்னு வேற கேட்டாங்க, தோலுக்கு வந்தவன்கிட்ட எதுக்கு குதிகால பத்தி கேக்கறாங்கன்னு அன்னிக்கு புரியல.

இது என்ன நோய்னு சுருக்கமா சொல்லிடறேன். கிருமியை அடிக்க வேண்டிய நம்ம எதிர்ப்பு சக்தி, வேலை இல்லாத எடத்துல போய் நம்ம தோலையே சீண்டிக்கிட்டே இருக்கு. சாதாரணமா தோலோட மேல் அடுக்கு புதுசா உருவாகி மேல வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும், சொரியாசிஸ் இருக்கற எடத்துல அதுவே சில நாள்ல நடந்துடுது. முத்தாத செல் எல்லாம் மேல வந்து குவியும், அதுதான் அந்த தடிப்பு, அதுதான் அந்த செதில். கடைசில யாராவது ஒருத்தர் "உனக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, அதான் இப்படி, இம்யூனிட்டி பூஸ்டர் சாப்புடு"ன்னு சொல்லுவாங்க. நெலமை நேர் எதிர். இங்க அது தேவைக்கு மேல துள்ளிக்கிட்டிருக்கு, மருந்துங்க எல்லாம் அத அடக்கத்தான் பாக்குது. தொட்டா ஒட்டாது, ஒரே டவல் யூஸ் பண்ணினாலும் ஒட்டாது. ஒரு காலத்துல இதையும் தொழுநோயையும் ஒண்ணாப் போட்டு குழப்பிட்டிருந்தாங்க, 1841-ல வியன்னாவுல ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ராங்கற தோல் டாக்டர்தான் ரெண்டும் வேற வேறன்னு தெளிவா பிரிச்சு வெச்சார், ஆனாலும் பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உக்காருவார், அது இன்னும் மாறல.

சின்ன வயசுல வரலன்னா இனிமே வராதுன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. அப்படி இல்ல. எந்த வயசுலயும் வரும், ஆனா ஆரம்பிக்கறது ரெண்டு கட்டத்துல அதிகம், ஒண்ணு இருபது முப்பதுகள்ல, இன்னொண்ணு அம்பது அறுபதுகள்ல. குடும்பத்துல யாருக்காவது இருந்தா வாய்ப்பு கூடும், ஆனா யாருக்குமே இல்லாதவங்களுக்கும் வருது. அதனால அம்பத்தஞ்சு வயசுல மொத மொதலா ஒரு திட்டு வந்தா "இந்த வயசுல என்ன புதுசா, வெறும் வறட்சிதான்"னு ஒதுக்கிட வேண்டாம்.

இப்ப அந்த திட்டு எப்படி இருக்கும்ங்கறதுக்கு வருவோம், இங்கதான் எனக்கு ஒரு பெரிய கோவம் உண்டு. எந்த வெப்சைட்ட தொறந்தாலும் வெள்ளைத் தோல்ல எடுத்த படம்தான், நல்ல ரோஸ் கலர்ல திட்டு, மேல வெள்ளி கலர்ல செதில். நம்ம மாதிரி மாநிறம், கருப்புத் தோல்ல அந்த ரோஸ் கலரே வராதுங்க. கருஞ்சிவப்பா, ஊதா சாயல்ல, சில பேருக்கு வெறும் அடர் பழுப்பா, சாம்பலா இருக்கும், செதிலும் வெள்ளியா இல்லாம சாம்பல் வெள்ளையா இருக்கும். படத்தையும் கையையும் மாத்தி மாத்தி பாத்துட்டு "இது அது இல்ல"ன்னு நிம்மதியா போனை கீழ வெச்சவங்க எத்தனை பேரோ. கலர நம்பாதீங்க. விளிம்ப பாருங்க, நல்ல தோல் எங்க முடியுது திட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போட்ட மாதிரி தெளிவா தெரியுதா? விரல வெச்சு தடவினா தடிப்பா மேல எழும்பி இருக்கா? காய்ஞ்ச செதில் அடுக்கடுக்கா இருக்கா? வலது முழங்கைல இருந்தா இடதுலயும் அதே எடத்துல ஒண்ணு இருக்கா? இந்த ரெண்டு பக்க கணக்கு ரொம்ப முக்கியம். ஆறின அப்பறமும் நம்ம தோல்ல கருப்பாவோ வெளுத்தோ ஒரு தடம் மாசக்கணக்குல நிக்கும், அது நோய் இன்னும் இருக்குன்னு அர்த்தம் இல்ல, தடிப்பும் செதிலும் போயிடுச்சான்னுதான் பாக்கணும்.

செதில சுரண்டினா பொட்டு பொட்டா ரத்தம் வரும், அதான் டெஸ்டுன்னு யாராவது சொன்னா கேட்டுக்காதீங்க. அப்படி ஒரு அறிகுறி இருக்கறது உண்மை, ஆஸ்பிட்ஸ்னு பேரே உண்டு, ஆனா அது எல்லாருக்கும் வராது, வேற நோய்லயும் வரும். அதைவிட முக்கியம், சுரண்டினா அந்த எடத்துலயே நோய் இன்னும் கிளம்பும். ஹைன்ரிஷ் கோப்னர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 19ஆம் நூற்றாண்டுலயே இத கவனிச்சிருக்கார், அவர் பாத்த நோயாளிக்கு சிராய்ச்ச எடம், குதிரை கடிச்ச எடம், பச்சை குத்தின எடம்னு காயம் பட்ட எடத்துல எல்லாம் சொரியாசிஸ் வந்துதாம். ஆறின காயத்து மேல, ஆபரேஷன் தழும்பு மேல, பெல்ட் உரசற எடத்துல கோடா வரிசையா திட்டு வருதுன்னா அதுவே ஒரு துப்பு, டாக்டர்கிட்ட அத கண்டிப்பா சொல்லுங்க.

எதோட எல்லாம் இது குழம்பும்னா, மொதல்ல படர்தாமரைங்கற பூஞ்சைத் தொற்று. படர்தாமரை பொதுவா வட்டமா விரிஞ்சுகிட்டே போகும், ஓரத்துல அரிப்பும் செதிலும் இருக்கும், நடுவுல தெளிஞ்சு சாதா தோல் மாதிரி ஆயிடும். சொரியாசிஸ் திட்டுல நடுவும் ஓரமும் ஒரே தடிப்பா இருக்கும். புத்தகத்துல படிச்சா ஈஸியா இருக்கு இல்லையா, நெஜத்துல அவ்வளவு ஈஸி இல்ல, ஏன்னா டாக்டர்கிட்ட போறதுக்குள்ள நம்மாளுங்க அது மேல ஒரு ட்யூப காலி பண்ணியிருப்பாங்க. கடைல கேட்டு வாங்கற க்ரீம் நிறையதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும். படர்தாமரை மேல ஸ்டீராய்டு பட்டா அரிப்பு அடங்கி, வட்டம் கலைஞ்சு, உள்ள பூஞ்சை மட்டும் ஜோரா வளரும், பாக்கறவங்களுக்கு அது என்னன்னே அடையாளம் தெரியாது. சொரியாசிஸ் மேல பட்டா மந்திரம் போட்ட மாதிரி மறையும், விட்டதும் சில சமயம் முன்னைவிட வீம்பா திரும்பி வரும். ரெண்டுலயுமே உண்மையான முகம் மறைஞ்சு போயிடுது. இதுல இன்னொரு வேடிக்கை, பூஞ்சைக்கு குடுக்கற டெர்பினாஃபைன் மாத்திரை சில பேருக்கு சொரியாசிஸ கெளப்பி விட்டிருக்கு. சந்தேகம் இருந்தா செதில கொஞ்சம் எடுத்து மைக்ரோஸ்கோப்ல பூஞ்சை இருக்கான்னு பாத்துடலாம், வலியே இல்லாத சின்ன டெஸ்ட், அத பண்ண சொல்லி கேக்கறதுல தப்பே இல்ல.

அடுத்து பொடுகு. வருஷக்கணக்கா "தீராத பொடுகு"ன்னு ஷாம்பூ மாத்திக்கிட்டே இருக்கறவங்கள்ல கொஞ்ச பேருக்கு இருக்கறது தலைல வந்த சொரியாசிஸ். பொடுகு கொஞ்சம் எண்ணெய்ப் பசையா, மஞ்சளா, தலை முழுக்க பரவலா இருக்கும், மூக்கோரத்துலயும் புருவத்துலயும் கூட இருக்கும். சொரியாசிஸ் தனித்தனி திட்டா, கெட்டியா, காய்ஞ்சு இருக்கும், விரல் வெச்சா மேடு தட்டுப்படும், முடி முடியற கோட்ட தாண்டி நெத்திக்கும் பிடரிக்கும் காதுக்குப் பின்னாடியும் எட்டிப் பாக்கும். முடி வெட்டறவர்தான் நிறைய பேருக்கு மொதல்ல இத கவனிச்சு சொல்லியிருக்கார், அவங்கள மதிக்கணும்.

எக்ஸிமா, அதாவது கரப்பானோட குழப்பம் எனக்குத் தெரிஞ்சு டாக்டர்களுக்கே வரும். பொதுவா எக்ஸிமா மடிப்புப் பக்கம், முழங்கையோட உள்பக்கம், முட்டிக்குப் பின்னாடி, விளிம்பு மங்கலா, அரிப்பு உயிர் போகும். சொரியாசிஸ் வெளிப்பக்கம், முழங்கை முனை, முட்டி மேல, கீழ் முதுகு. அரிக்கவே அரிக்காதுன்னு இல்ல, நிறைய பேருக்கு நல்லாவே அரிக்கும். அப்பறம் ஒரு திருட்டு வகை இருக்கு, அக்குள், மார்புக்குக் கீழ, தொடை இடுக்கு, பிறப்புறுப்புப் பக்கம் மட்டும் வர்றது. அங்க ஈரமும் உரசலும் இருக்கறதால செதிலே நிக்காது, வழவழன்னு பளபளப்பா சிவந்த மாதிரியோ கருத்த மாதிரியோ இருக்கும், பாக்கறவங்க எல்லாம் பூஞ்சைன்னே முடிவு கட்டுவாங்க. வெக்கப்பட்டு காட்டாம விட்டா கண்டுபிடிக்கவே முடியாது.

நகத்துக்கு வர்றேன், எனக்குப் பிடிச்ச பகுதி. நகத்துக்கு மேல ஊசியால குத்தின மாதிரி குட்டிக் குட்டி குழி இருக்கும், நேரா பாத்தா தெரியாது, ஜன்னல் பக்கம் போய் சாய்ச்சு பாத்தாத்தான் தெரியும். இல்லன்னா நகத்துக்கு அடில மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு எண்ணெய்ச் சொட்டு கறை, இல்லன்னா நகம் நுனிலேருந்து சதைய விட்டு பிரிஞ்சு தூக்கிக்கிட்டு நிக்கும், அடில சுண்ணாம்பு மாதிரி திப்பி சேரும். சொரியாசிஸ் இருக்கறவங்கள்ல பாதிப் பேர் வரைக்கும் நகத்துல ஏதாவது ஒரு மாற்றம் இருக்கும். நகத்துல பூஞ்சை வந்தாலும் இதே மாதிரி தடிச்சு நிறம் மாறும், அதனால நகத் துண்ட வெட்டி டெஸ்ட் பண்ணாம மாசக்கணக்குல பூஞ்சை மாத்திரை சாப்பிடறது வீண். கைல எந்த குறையும் இல்லாம கால் பெருவிரல் நகம் ஒண்ணு மட்டும்னா பூஞ்சைக்கு வாய்ப்பு அதிகம், கை நகம் நிறைய குழியோட இருந்தா யோசிக்கணும்.

நகத்த அந்த டாக்டர் அவ்வளவு நேரம் பாத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நகத்துல இருக்கறவங்களுக்கு மூட்டுலயும் வர்ற வாய்ப்பு கூட. சொரியாசிஸ் இருக்கறவங்கள்ல முப்பது சதவீதம் பேர் வரைக்கும் மூட்டு வாதம் வரலாம்னு சொல்றாங்க, பெரும்பாலானவங்களுக்கு தோல்ல வந்து பல வருஷம் கழிச்சுத்தான் மூட்டுக்கு வரும், சில பேருக்கு மூட்டு முந்திக்கும். காலைல எழுந்ததும் விரலோ முதுகோ அரை மணி நேரத்துக்கு மேல இறுகிப் போய் இருந்து நடமாட நடமாட சரியாகுதா, ஒரு விரல் மட்டும் அடிலேருந்து நுனி வரைக்கும் முழுசா வீங்கிடுச்சா, குதிகால்ல தசைநார் ஒட்டற எடம் வலிக்குதா, இதுல எது இருந்தாலும் தோல் டாக்டர்கிட்டயே சொல்லுங்க. நம்ம ஜனங்க தோலுக்கு ஒரு டாக்டர், குதிகாலுக்கு ஒரு டாக்டர்னு தனித்தனியா போய், ரெண்டு பேரும் மத்த பாதிய பாக்காமலே மருந்து எழுதி அனுப்பிடுவாங்க. ரத்தத்துல முடக்குவாத டெஸ்ட் எடுத்து நெகட்டிவ்னு வந்தா மூட்டு வாதமே இல்லன்னு அர்த்தம் இல்ல, இந்த வகைல அது பெரும்பாலும் நெகட்டிவாத்தான் வரும். மூட்டு ஒரு தடவை அரிச்சுப் போச்சுன்னா பழைய நெலமைக்கு வராது, அதனால இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் எல்லாரையும் நச்சரிப்பேன்.

திடீர்னு ஏன் கிளம்புதுங்கறதுக்கும் திட்டுல பதில் இருக்காது, அதுக்கு முந்தின சில வாரத்துல என்ன நடந்துச்சுன்னு யோசிக்கணும். தொண்டைல ஸ்ட்ரெப் கிருமி வந்து ரெண்டு மூணு வாரத்துல உடம்பு முழுக்க மழைத்துளி அளவுக்கு பொடிப் பொடியா திட்டு வரும், இது இள வயசுக்காரங்களுக்கு அதிகம். பிபிக்கோ படபடப்புக்கோ குடுக்கற பீட்டா ப்ளாக்கர், மனநலத்துக்கு குடுக்கற லித்தியம், மலேரியா மாத்திரை க்ளோரோகுயின், இதெல்லாம் சில பேருக்கு கெளப்பி விடும். அதுக்காக நீங்களே மாத்திரைய நிறுத்திடாதீங்க, எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட கேளுங்க. வேற எதுக்கோ ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டு சட்டுன்னு நிறுத்தினாலும் பெருசா வெடிக்கலாம். சிகரெட், குடி, உடம்பு எடை, மன அழுத்தம், இதெல்லாம் வழக்கமா சொல்றதுதான், உண்மையும்தான்.

எல்லா திட்டும் சொரியாசிஸ் இல்ல, உடம்பு தன்னையே தாக்கற நோய்ங்க தோல்ல இன்னும் பல வேஷத்துல வரும், அதுலயும் இதே கதைதான், தோல்ல தெரியறத தாண்டி பாக்கணும். வெயில் பட்டதும் ரெண்டு கன்னத்துலயும் மூக்கு மேலயும் தடிப்பு வந்து, மூக்கோரத்து மடிப்ப மட்டும் விட்டுட்டு, கூடவே மூட்டு வலி, முடி கொட்டறது, வாய்ப்புண், அசதின்னா லூபஸான்னு பாக்கணும், அதுல கிட்னி வரைக்கும் போகலாம். கண் இமை ஊதா நிறமா வீங்கி, விரல் முட்டிங்க மேல தடிப்பு வந்து, கூடவே தலை சீவ கைய தூக்க முடியல, உக்காந்த எடத்துலேருந்து எழுந்திருக்க முடியலன்னா அது தசையையும் சேத்துத் தாக்கற டெர்மட்டோமயோசிட்டிஸா இருக்கலாம், பெரியவங்களுக்கு அது வந்தா உள்ள எங்கயாவது புத்துநோய் இருக்கான்னு டாக்டருங்க தேடுவாங்க. வாய்க்குள்ள புண் வந்து மாசக்கணக்குல ஆறாம, அப்பறம் உடம்புல தொட்டா கிழியற மாதிரி மெல்லிசா கொப்புளம் வந்தா பெம்ஃபிகஸ், நிறைய பேர் அதுக்கு பல் டாக்டர்கிட்டதான் மொதல்ல போய் நிப்பாங்க. வயசானவங்களுக்கு காரணமே தெரியாம வாரக்கணக்கா, மாசக்கணக்கா அரிச்சுக்கிட்டே இருந்து அப்பறம் கெட்டியா பெரிய கொப்புளம் வர்றது பெம்ஃபிகாய்டு, சுகருக்கு சாப்பிடற விடாக்ளிப்டின் மாதிரி க்ளிப்டின் மாத்திரைங்களுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கறது தெரிய வந்திருக்கு, அதனால வீட்ல பெரியவங்களுக்கு கொப்புளம்னா மாத்திரை அட்டைய எல்லாம் எடுத்துட்டுப் போங்க.

அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்கக் கூடாத நெலமையும் உண்டு. உடம்பு முழுக்க தோல் சிவந்து, இல்ல நம்ம நிறத்துல கருத்து சூடாகி, தகடு தகடா உரிஞ்சு, குளிர் நடுக்கம் வந்தா நேரா ஆஸ்பத்திரி. திடீர்னு பரவலா சீழ்ப் பொட்டு வந்து கூட காய்ச்சலும் இருந்தா அதே. கொப்புளம் உடைஞ்சு பெரிய பெரிய எடமா தோல் போயிட்டாலும் அதே. இதுல உடம்புலேருந்து தண்ணியும் சூடும் வேகமா போயிடும், கிருமி உள்ள போகும், இது உயிர் விஷயம்.

மத்தபடி அவசரமில்லாம டாக்டர்கிட்ட போறதுன்னா கொஞ்சம் தயாரா போங்க. எந்த க்ரீமும் போடறதுக்கு முன்னாடியே நல்ல பகல் வெளிச்சத்துல போட்டோ எடுங்க, கிட்ட ஒண்ணு, உடம்போட எந்த பகுதின்னு தெரியற மாதிரி தள்ளி ஒண்ணு, எதிர்ப் பக்க கைகால் ஒண்ணு, நகம் ஒண்ணு. நெயில் பாலிஷ அழிச்சுட்டுப் போங்க. என்ன ட்யூப் போட்டீங்களோ அந்த ட்யூபையே தூக்கிட்டுப் போங்க, பேர் ஞாபகம் இல்ல, பச்சை கலர் டப்பான்னு சொன்னா அவங்களும் என்ன பண்ணுவாங்க. சொரியாசிஸ்னு சொல்ற ரத்த டெஸ்ட்டுன்னு ஒண்ணு கெடையாது, கண்ணால பாத்துதான் பெரும்பாலும் முடிவு பண்றாங்க, சந்தேகம் இருந்தா மரத்துப்போக ஊசி போட்டு குட்டியா ஒரு துண்டு தோல் எடுத்து பயாப்ஸி அனுப்புவாங்க. க்ரீம் போட்டு பாதி அடங்கின எடத்துல எடுத்தா ரிப்போர்ட் மழுப்பலா வரலாம், அதனால எங்க எடுக்கறது எப்ப எடுக்கறதுன்னு அவங்க சொல்றபடி விடுங்க, சில வாரம் எதுவும் போடாம இருந்துட்டு திரும்ப வாங்கன்னு சொன்னாலும் எரிச்சல் படாம போயிட்டு வாங்க.